மானிட்டர் ஆடினால் மானிட்டரை மாற்றாதீர்கள்!



சரக்கு விலை, வரி, லாரி வாடகை என்று எழுத எவ்வளவோ இருக்க, ஒரு மளிகைக்காரன் மின்சாரத்தைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று நினைக்க வேண்டாம். இதுவும் நம் கல்லாப் பெட்டி சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

அண்மையில் காங்கயம் ரோட்டில் நம் உறுப்பினர் ஒருவரின் கடைக்குப் போயிருந்தேன். பில் போடும் கம்ப்யூட்டரின் திரை, நாங்கள் பேசிக்கொண்டிருந்த பத்து நிமிடத்தில் நான்கு முறை கறுத்து, கறுத்து மீண்டது. "இது மூணாவது மானிட்டருங்க. கம்ப்யூட்டர்காரன் நல்லா ஏமாத்திட்டானுங்க" என்று குறைப்பட்டுக்கொண்டார். அவருடைய கடையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் பவர் டேபிள் ஓடும் சத்தம் கேட்டபடி இருந்தது. அந்தச் சத்தத்தையும் இந்தத் திரையையும் அவர் முடிச்சுப் போட்டுப் பார்க்கவே இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அதே தவறை நான் 1998இல் செய்து, பணத்தையும் இழந்து, பணத்தைவிடப் பெரிதான ஒன்றையும் இழந்தவன்.

அப்போது எனக்கு மொத்த மளிகை. மூன்று மாடிக் கட்டடம். கீழே என் கடை, மேலே ஒரு பனியன் கம்பெனியின் தையல் பிரிவும் செக்கிங், அயர்ன் பிரிவும். திருப்பூரில் இது புதுமை அல்ல. கீழே கடையும் மேலே மிஷினுமாக இருக்கும் கட்டடங்கள் இல்லாத தெருவை இங்கே தேடத்தான் வேண்டும். நம் வட்டாரத்தில் மளிகை மொத்த வியாபாரிகள் கம்ப்யூட்டருக்கு மாறத் தொடங்கிய காலம் அது. நானும் கடன் வாங்கி ஒன்று வைத்தேன். பில் போட ஊத்துக்குளிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் பிள்ளை பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தது. பி.காம். படித்த, பொறுப்பான பிள்ளை.

வைத்த முதல் வாரத்திலேயே திரை ஆடத் தொடங்கியது. அணைந்து எரிவதல்ல. வாய்க்கால் தண்ணீரில் நிழல் நெளிவதுபோல எழுத்துகள் நெளியும். அரை நிமிடம் ஆடும், சற்று நிற்கும், மறுபடி ஆடும். 3 எது, 8 எது என்று தெரியாது. விற்றவர் வந்து பார்த்தார். மானிட்டரில் கோளாறு என்று மாற்றிக் கொடுத்தார். அதுவும் ஆடியது. கரண்ட் சரியில்லை என்றார். ஸ்டெபிலைசர் வாங்கினேன். ஆடியது. யு.பி.எஸ். வாங்கினேன். ஆடியது. இன்னொரு மானிட்டரை ஏழாயிரத்துக்கு மேல் கைக்காசு போட்டு வாங்கினேன். அதுவும் ஆடியது.

இதற்கிடையில் பில்லில் தப்புகள் வந்தன. 13 மூட்டை போனது 18 என்று ஏறியது. ஒரு வாடிக்கையாளர் கணக்குத் தீர்க்க வந்தபோது சபையில் எனக்குத் தலைகுனிவு. நான் அந்தப் பிள்ளையைக் கடிந்துகொண்டேன். "கண்ணு வலிக்குதுங்க, தலையும் வலிக்குதுங்க" என்று அது சொன்னதைச் சாக்கு என்று நினைத்தேன். கையாட்கள் முன்னிலையில் ஒரு நாள் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். மறுநாள் அது வரவில்லை. சம்பள பாக்கியை வாங்க அப்பாவை அனுப்பியது.

அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான் காரணம் தெரிந்தது. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் கடைக்கு அரிசி வாங்க வருவார். அவர் திரையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு என்னிடம் மூன்று கேள்வி கேட்டார்.

"தம்பி, இது எந்நேரமும் ஆடுதுங்களா, வந்து வந்து போகுதுங்களா?"

வந்து வந்து போகிறது என்றேன்.

"பதினோரு மணி டீ டைமுக்கு நிக்குதுங்களா?"

யோசித்துப் பார்த்தேன். ஆமாம், டீ நேரத்தில் திரை ஆடி நான் பார்த்ததில்லை.

"ராத்திரி கடை சாத்தறப்ப மெயினை எறக்கிருவீங்களா?"

இறக்கிவிடுவேன் என்றேன். அப்போதுதான் எனக்கு ஒன்று நினைவு வந்தது. மேல்மாடி சூப்பர்வைசர் பல நாளாக என்னிடம் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "நீங்க கடை சாத்துனா எங்க அயர்ன் பாக்ஸும் தூங்கிப் போயிருதுங்ண்ணா!" நானும் சிரித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். பெரியவர் சிரிக்கவில்லை. மறுநாள் டாங் டெஸ்டரோடு வந்தார்.

டாங் டெஸ்டர் என்றால் ஒயரை வெட்டாமல், நண்டுக் கொடுக்குபோல வெளியிலிருந்தே கவ்வி ஆம்பியர் காட்டும் கருவி. என் மெயினுக்கு வரும் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கவ்வினார். "இப்படி ரெண்டையும் சேத்துப் புடிச்சா சைபர்தான் காட்டோணும். போன கரண்ட் பூராவும் இதே வழியாத் திரும்பி வரோணுமல்லங்க" என்றார். கருவி 9 ஆம்பியர் காட்டியது. அரை நிமிடத்தில் சைபருக்கு இறங்கியது. மறுபடி ஏறியது. ஏறியபோது திரை ஆடியது, இறங்கியபோது நின்றது.

நடந்தது இதுதான். மேல்மாடியில் இரண்டு அயர்ன் டேபிள் போட்டபோது, வயரிங் செய்தவர் ஃபேஸை அவர்களுடைய லைனிலிருந்து எடுத்திருக்கிறார். அவர்களுடைய நியூட்ரல் தூரத்தில் பின்பக்க மாடிப்படியருகே இருந்தது. என்னுடைய நியூட்ரல் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. எனவே அதில் முறுக்கிவிட்டார். அயர்ன் பாக்ஸுக்குப் போகும் கரண்ட் பின்பக்கமாக மேலே போய், என் மேஜைக்குப் பின்னாலுள்ள சுவர் வழியாகத் தனியே இறங்கி வந்துகொண்டிருந்தது. அயர்ன் பாக்ஸில் உள்ள தெர்மோஸ்டாட் விட்டு விட்டுப் போடுவதால் ஆட்டமும் விட்டு விட்டு வந்தது. நான் மெயினை இறக்கினால் நியூட்ரலும் சேர்ந்து துண்டாகும், அவர்களுடைய அயர்னும் நின்றுவிடும். சூப்பர்வைசர் சொன்னது வேடிக்கை அல்ல, அச்சு அசலான உண்மை.

திரை ஏன் ஆட வேண்டும்? அந்தக் காலத்துப் பெட்டி மானிட்டரில் படம் எழுதுவது பின்னாலிருந்து வரும் எலக்ட்ரான் கற்றை. அதை இப்படியும் அப்படியும் வளைப்பது காந்தம். வெளியிலிருந்து இன்னொரு காந்தம் குறுக்கிட்டாலும் அது வளையத்தான் செய்யும். கரண்ட் ஓடும் ஒயரைச் சுற்றிக் காந்தம் இருக்கும். போகும் ஒயரும் வரும் ஒயரும் பக்கத்தில் பக்கத்தில் போனால் ஒன்றின் காந்தத்தை மற்றது அழித்துவிடும். இரண்டும் பிரிந்து போனால் அழிக்க ஆளில்லை. தனியாகப் போகும் ஒயரில் 9 ஆம்பியர் ஓடினால் இரண்டடி தூரத்தில் சுமார் 3 மைக்ரோடெஸ்லா காந்தம் இருக்கும். நம் பகுதியில் பூமியின் காந்தமே 40 மைக்ரோடெஸ்லாதான். அது அசையாமல் நிற்பது, பெட்டி அதற்குப் பழகிக்கொள்ளும். இதுவோ நொடிக்கு 100 முறை திசை மாறுவது. 1 மைக்ரோடெஸ்லா இருந்தாலே அந்தப் பெட்டிகளில் எழுத்து நெளிவது கண்ணுக்குத் தெரியும்.

நம் மின்சாரம் நொடிக்கு 50 அலை. அந்தத் திரை நொடிக்கு 60 முறை படம் எழுதும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பத்து. நொடிக்குப் பத்து ஆட்டம். தென்மாநில மின்தொகுப்பில் அப்போது பற்றாக்குறை நேரங்களில் 50க்குப் பதில் 48, 49 என்று அலை இறங்கிவிடும். அப்படிப்பட்ட மாலை வேளைகளில் ஆட்டம் இன்னும் படபடப்பாகத் தெரிந்ததற்குக் காரணம் பின்னாளில்தான் எனக்குப் புரிந்தது.

ஸ்டெபிலைசரும் யு.பி.எஸ்.ஸும் ஏன் உதவவில்லை என்பதும் இதில் விளங்கும். அவை ஒயர் வழியாக வரும் கோளாறைத் தடுக்கப் பிறந்தவை. இது சுவரைத் தாண்டிக் காற்றில் வந்தது. கதவைப் பூட்டிவிட்டுக் கூரை ஒழுகுகிறதே என்று அழுத கதைதான் என்னுடையது.

மேல்மாடிக்காரர்களுக்குத் தனியாக ஒரு நியூட்ரல் ஒயர் இழுத்தோம். ஒயரும் கூலியும் சேர்ந்து சில நூறு ரூபாய். அன்று மாலையே திரை கல்லில் எழுதியதுபோல நின்றது. அந்த வாரமே ஊத்துக்குளிக்குப் போனேன். பிள்ளை அதற்குள் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு வேலைக்குச் சேர்ந்துவிட்டது. திரை ஆடிய காரணத்தைச் சொன்னேன். "நான் சொன்னப்ப நீங்க நம்பலீங்களே" என்று ஒரே வார்த்தைதான் சொன்னது. காபி கொடுத்து அனுப்பினார்கள்.

இது பழைய கதை, இப்போது யாரிடம் பெட்டி மானிட்டர் இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இன்றைய தட்டைத் திரையில் எலக்ட்ரான் கற்றை கிடையாது. பக்கத்தில் எவ்வளவு காந்தம் இருந்தாலும் எழுத்து நெளியாது. இதைப் பலரும் நல்ல செய்தி என்று நினைக்கிறோம். என் கருத்து வேறு. அந்தப் பெட்டி நமக்குத் தெரியாமலே நம் கடை வயரிங்கைச் சோதித்துக் கொடுத்த இலவச மீட்டர். சுவருக்குள் தப்பு இருந்தால் ஆடிக் காட்டியது. இப்போது மீட்டர் போய்விட்டது. சுவருக்குள் இருந்த தப்பு போகவில்லை. சொல்லப்போனால் கூடியிருக்கிறது.

எப்படிக் கூடியது? முன்பு தையல் மிஷின்களில் கிளட்ச் மோட்டார். ஆள் தைத்தாலும் தைக்காவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும், கரண்ட் செலவு அதிகம், ஆனால் சாது. இப்போது சர்வோ மோட்டார். கரண்ட் மிச்சம், சத்தம் இல்லை. அதை ஓட்டுவது உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் பெட்டி. நொடிக்குப் பல ஆயிரம் முறை கரண்டை வெட்டி வெட்டிக் கொடுப்பது அதன் வேலை. நிட்டிங் மிஷின்களிலும் சாயப்பட்டறை மிஷின்களிலும் உள்ள டிரைவ்களும் அதே ஜாதி. நம் கடையில் உள்ள எல்.இ.டி. விளக்கு, கம்ப்யூட்டர், சி.சி.டி.வி. எல்லாமே கரண்டைச் சீராக உறிஞ்சாமல் விக்கி விக்கிக் குடிப்பவை.

மூன்று ஃபேஸில் சமமாகக் குண்டு பல்பு எரிந்தால் மூன்றின் கரண்டும் நியூட்ரலில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், நியூட்ரல் சும்மா இருக்கும். இந்த நம்பிக்கையில்தான் அந்தக் காலக் கட்டடங்களில் நியூட்ரலுக்கு ஃபேஸைவிட மெல்லிய ஒயர் போட்டார்கள். விக்கிக் குடிக்கும் கருவிகளின் கரண்டில் ஒரு பகுதி அப்படி அழியாது. மூன்று ஃபேஸிலிருந்தும் வந்து நியூட்ரலில் கூடிக்கொள்ளும். மோசமான நிலையில் ஃபேஸில் ஓடுவதைப்போல 1.7 மடங்கு வரை நியூட்ரலில் ஓடலாம். மெல்லிய ஒயரில் இரட்டைச் சுமை! சூடேறி, ஜாயின்ட் கருகி, ஒரு நாள் விட்டுப்போகும்.

2022இல் என் கட்டடத்திலேயே அது நடந்தது. காலை பத்து மணி. என் கடை எல்.இ.டி. விளக்குகள் திடீரென்று கண்ணைப் பறிக்கும்படி எரிந்தன. பக்கத்து மெடிக்கல் கடையில் ஃபேன் மூச்சு வாங்கியது. என்னவென்று பார்ப்பதற்குள் என் கம்ப்யூட்டரும் பில் பிரிண்டரும் போயின. எதிர்க் கடையில் ஐஸ்கிரீம் ஃப்ரீசர் போனது. கட்டடத்துக்குப் பொதுவாக வரும் நியூட்ரல் கருகி விட்டுப்போயிருந்தது. நியூட்ரல் விட்டால் 230 வோல்ட் என்பது பேச்சுக்குத்தான். சுமை குறைந்தவன் கடையில் 300ஐத் தாண்டும், 400ஐ நெருங்கினாலும் ஆச்சரியமில்லை. சுமை கூடியவன் கடையில் 100க்கு இறங்கும். அந்த ஜாயின்ட் ஒரே நாளில் கருகவில்லை. அதற்கு முன் இரண்டு மாதமாக மெடிக்கல் கடைக்காரர் விளக்கு மினுக்குகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் "வோல்டேஜ் சரியில்லை" என்று மின்வாரியத்தை வைதுகொண்டிருந்தோம். பழைய பெட்டி என் மேஜையில் இருந்திருந்தால் ஒருவேளை ஆடிக் காட்டியிருக்கும்.

நூலும் துணியும் அட்டைப் பெட்டியும் நிறைந்த ஊர் இது. 2023 ஜூனில் காதர்பேட்டையில் பனியன் கடைகள் வரிசையாக எரிந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்தத் தீக்கு நியூட்ரல்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சூடேறும் ஒரு ஜாயின்ட் எதன்மேல் பொறி சிந்தினால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இன்றைய கடையில் என்னென்ன அடையாளம் தெரியும்? திரை ஒரு விநாடி கறுத்து மீள்வது ஒன்று. பக்கத்து மிஷின் கிளம்பும்போதோ நிற்கும்போதோ அது நடந்தால் சந்தேகமே வேண்டாம். முதலில் கம்ப்யூட்டர், மானிட்டர், பிரிண்டர் மூன்றையும் ஒரே போர்டில் செருகுங்கள். ஒன்றை இந்தச் சுவரிலும் மற்றதை அந்தச் சுவரிலும் செருகினால், இரண்டு எர்த்துக்கும் உள்ள வித்தியாசம் மானிட்டர் கேபிள் வழியாக ஓடும். நீளமான மட்டக் கேபிளைத் தூக்கி எறிந்துவிட்டு, குட்டையாக, முனையில் தடித்த கறுப்பு உருளை உள்ள நல்ல கேபிளைப் போடுங்கள். பிறகு கம்ப்யூட்டர் பெட்டியின் இரும்பைப் புறங்கையால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். சுர்ரென்றால் எர்த் இல்லை என்று பொருள். எர்த் இல்லாத பெட்டியின் உடம்பில் சப்ளையில் பாதி வோல்ட்டேஜ் நிற்கும். வேறு கோளாறு இல்லாதவரை ஆளைக் கொல்லும் அளவு கரண்ட் அதில் வராது, ஆனால் திரையைக் கறுக்கவைக்க அது போதும். மூன்றாவது பின்னை வெட்டிவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் செருகும் பழக்கம் நம்மில் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று ஒவ்வொருவரும் தம் கடையைப் பார்த்துக்கொள்ளலாம்.

பல்லடம் பக்கம் லேத், வெல்டிங் பட்டறைக்கு அடுத்துக் கடை வைத்திருப்பவர்களுக்கு வருவது வேறு. வெல்டிங் வைக்கும் ஒவ்வொரு முறையும் விளக்கும் திரையும் சேர்ந்து மங்கும். இது வோல்ட்டேஜ் விழுவது. இதற்கு ஸ்டெபிலைசரும் யு.பி.எஸ்.ஸும் உண்மையாகவே உதவும். இதற்கு மட்டும் என்று வேண்டுமானால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எலக்ட்ரானிக் தராசும் சாட்சி சொல்லும். தட்டில் ஒன்றும் இல்லாதபோது கடைசி எண் 0, 5, 0 என்று தாவினால் ஃபேன் காற்றையும் மேஜை ஆட்டத்தையும் முதலில் பாருங்கள். அவை இல்லையென்றால் மின்சாரம்தான். 30 கிலோ தராசுக்குள் இருக்கும் லோட் செல், முழு எடை வைத்தாலும் தருவது 10 மில்லிவோல்ட் அளவுதான். அதில் 5 கிராம் என்பது ஒரு மில்லிவோல்ட்டில் ஐநூறில் ஒரு பங்குக்கும் குறைவு. எர்த் கெட்டுப்போன கடையில் அதற்கு எப்படி நிம்மதி இருக்கும்? எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும் என்பது சட்டம். முத்திரை போட்ட தராசே தாவினால் வாடிக்கையாளரிடம் நாம் திருடன், இன்ஸ்பெக்டரிடம் குற்றவாளி. தப்பு சுவருக்குள் இருக்கும்.

இனி, நம் வணிகர்களுக்குச் சட்டென்று உறைக்கும்படி ஒன்று சொல்கிறேன். இப்போது வைக்கும் சிங்கிள் ஃபேஸ் எலக்ட்ரானிக் மீட்டர்களில் பெரும்பாலானவை ஃபேஸ், நியூட்ரல் இரண்டிலும் ஓடும் கரண்டை அளக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எது அதிகமோ அதற்கு யூனிட் ஏற்றும். மின் திருட்டைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது. உங்கள் நியூட்ரலை மேல்மாடிக்காரர் இரவல் வாங்கியிருந்தால் அவருடைய அயர்ன் பாக்ஸுக்கு நீங்கள் பில் கட்டுகிறீர்கள்! மீட்டரில் 'எர்த்' என்றோ 'இ.எல்.' என்றோ எழுதிய சின்னச் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

இரவல் நியூட்ரலையும் எர்த்தில் கலந்த நியூட்ரலையும் கண்டுபிடிக்கும் இன்னொரு கருவியும் உண்டு. ஆர்.சி.சி.பி. என்ற ஷாக் தடுப்பு சுவிட்ச். போன கரண்ட் திரும்பி வரவில்லையென்றால் உடனே விழுந்துவிடும். பெரியவர் டாங் டெஸ்டரில் பார்த்ததை அது நாள் முழுக்கத் தானே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆனால் நம் ஊரில் நடப்பது என்ன? மாட்டிய மறுநாள் அது அடிக்கடி விழுகிறது என்று வயர்மேனைக் கூப்பிடுகிறோம். அவரும் "இது சரிப்படாதுங்க" என்று கழற்றி நேராகக் கொடுத்துவிட்டுப் போகிறார். நாமும் கூலி கொடுத்து அனுப்புகிறோம். நாய் குரைக்கிறது என்று நாயை விற்றவன் கதை! ஏன் விழுகிறது என்று தேடச் சொல்லி அதற்குக் கூலி கொடுக்க நமக்கு மனம் வருவதில்லை.

பனியன் கம்பெனிக்காரர்களை நான் குற்றம் சொல்லவில்லை. அவர்களுடைய ஆட்கள்தான் நம் வாடிக்கையாளர்கள். அவர்கள் மிஷின் நின்றால் நம் அரிசியும் நிற்கும் என்பதை 2011இல் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடிக் கிடந்தபோது கண்ணால் பார்த்தோம். கம்ப்யூட்டர் விற்றவரையும் குற்றம் சொல்ல மாட்டேன். 1998இல் எனக்கு விற்றவர் தன் நஷ்டத்தில் ஒரு மானிட்டர் மாற்றித் தந்தவர். வயர்மேன்களிலும் விவரம் தெரிந்தவர்கள் நிறையப் பேர். நான் கேட்பது கட்டட உரிமையாளர்களை. முப்பது கதவுக்கு வாடகை வாங்குகிறார்கள். எர்த் குழி எங்கே என்று கேட்டால் வாட்ச்மேனைக் கேட்கச் சொல்கிறார்கள். மின்வாரியம் தன் இணைப்பு தொடங்கும் இடத்தில் எர்த் முனை கொடுக்க வேண்டும் என்று 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளே சொல்லின. அதற்குப் பின்னால், மீட்டருக்கு இந்தப் பக்கம் இருப்பதெல்லாம் நம் பாடு, கட்டட உரிமையாளர் பாடு. மேல்மாடியைப் புதிதாகத் தையலுக்கோ எம்பிராய்டரிக்கோ வாடகைக்கு விடும்போது பழைய நியூட்ரல் தாங்குமா என்று எத்தனை உரிமையாளர்கள் பார்க்கிறார்கள்? அட்வான்ஸ் தாங்குமா என்று பார்க்கிறார்கள்.

ஆகவே நம் சங்கம் இரண்டு காரியம் செய்ய வேண்டும் என்பது என் கோரிக்கை. கடை வாடகை ஒப்பந்தத்துக்கு நம் சங்கம் மாதிரிப் படிவம் ஒன்று தயாரித்து, ஒவ்வொரு கடைக்கும் எர்த் உண்டு, நியூட்ரல் தனி, ஆண்டுக்கு ஒருமுறை சோதனை என்று மூன்று வரி அதில் சேர்க்க வேண்டும். தனியொருவன் கேட்டால் "இஷ்டமிருந்தா இருங்க, இல்லாட்டிக் காலி பண்ணுங்க" என்பார்கள். சங்கமாகக் கேட்டால் அப்படிச் சொல்ல முடியாது. மற்றொன்று, சங்க அலுவலகத்தில் ஒரு டாங் டெஸ்டரும் விவரம் தெரிந்த ஓர் ஓய்வுபெற்ற மின் ஊழியரின் துணையும் வேண்டும். உறுப்பினர் கேட்டால் போய் மெயினில் ஒரு நிமிடம் கவ்விப் பார்த்துச் சொன்னால் போதும். காங்கயம் ரோடு நண்பர் மூன்று மானிட்டருக்குக் கொடுத்த பணத்தில் இப்படிப் பல கருவிகள் வாங்கலாம்.

இடையில் யாருக்காவது ஒரு விளக்கு பிரகாசமாகி இன்னொன்று மங்குவது தெரிந்தால், யோசிக்காமல் மெயினை இறக்கிவிட்டு, 2021இலிருந்து இயங்கும் மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் சொல்லுங்கள். மானிட்டர் கடைக்கு அப்புறம் போகலாம்.

காங்கயம் ரோடு கடைக்கு மறுபடி போனேன். மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பின்சுவரை ஒட்டிய ஜங்ஷன் பெட்டியைத் திறந்தால் அவருடைய நியூட்ரலில் இரண்டு பச்சை ஒயரும் ஒரு கறுப்பு ஒயரும் முறுக்கியிருந்தன. கறுப்பு எங்கே போகிறது என்று பின்பக்கத்து டேபிள்காரரைக் கூட்டி வந்து காட்டினோம். "எங்களுக்கே தெரியாதுங்க" என்றார். உண்மையாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

டாங் டெஸ்டருக்கு என் பங்கு ஐந்நூறு ரூபாயைச் சங்கப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன். கருவி வாங்கும் வரை பொறுக்க முடியாதவர்களுக்கு ஒரு விஷயம்: அந்த 1998ஆம் ஆண்டுப் பெட்டி மானிட்டர் என் குடோனில் மிளகாய் மூட்டைக்குப் பின்னால் இன்னும் உயிரோடு இருக்கிறது. யாருக்குச் சந்தேகமோ அவர்கள் ஒரு ஆட்டோ அனுப்பினால், கொண்டுவந்து உங்கள் சுவரோரம் வைத்து ஆடுகிறதா என்று பார்த்துவிடலாம். இரண்டு ஆள் வேண்டும், கனம் அதிகம்.